நாலு மணி பன்னிரண்டுக்கு நின்றுபோகும் கணினி

என் தம்பிக்கு வாய் என்று ஒன்று இருக்கிறது. அது சாப்பிடுவதற்கு மட்டும். நாற்பத்தொரு வயது வரைக்கும் அவன் பேசிய பேச்சையெல்லாம் எழுதினால் ஒரு பள்ளிக்கூட நோட்டில் அடங்கிவிடும். அதிலும் பாதிப் பக்கம் "ம்" என்றுதான் இருக்கும். ஏதோ கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம்தான், ஆனாலும் உண்மை.

சீட் தைப்பது அவன் தொழில். கார் சீட், பஸ் சீட், சோபா, பல் டாக்டரின் நாற்காலி, எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும் தைப்பான். கடைத்தெருவில் அவனுக்கு 'சீட் மாஸ்டர்' என்று பெயர். பஞ்சு பிதுங்கி, கம்பி குத்துகிற சீட்டை அவனிடம் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துப் போனால் அது நம் சீட்தானா என்று சந்தேகம் வரும். வீட்டிலும் கை சும்மா இருக்காது. மிக்ஸிக்கு உறை, பிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை, கம்ப்யூட்டருக்கு உறை, என் டிபன் பாக்ஸுக்குக்கூட பட்டன் வைத்த உறை. "ஒரே இடத்துல ஒரு மணி நேரம் உக்காந்துடாதீங்க அண்ணி, உங்களுக்கும் தைச்சுடுவார்" என்று அவன் பெண்டாட்டி சொல்லிச் சிரிப்பாள். சிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

அவள் கெட்டவள் இல்லை. அவனும் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, அடி கிடையாது, கத்தல் கிடையாது. எதுவுமே கிடையாது, அதுதான் சங்கடம். "வீட்ல இன்னொரு ஆள் இருக்கற சத்தமே இல்ல அண்ணி. நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கறேன்" என்று என்னிடம் அழுதிருக்கிறாள். ஒன்பது வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பப் பையைக் கட்டினாள். பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அவள் இழுக்கிறாள், வரவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கிறது. இவன் எழுந்து போய்க் குறடும் மெழுகும் எடுத்துவந்தான். உட்கார்ந்து ஜிப்பைச் சரிபண்ணினான். மூன்று தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான். பையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தான்.

நான் பஸ் டெப்போவில் நேரம் குறிக்கிற வேலை பார்க்கிறவள். எந்த வண்டி எத்தனை நிமிஷம் நின்றது என்பது பார்க்காமலே எனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் வாசலில் முழுசாக இரண்டு நிமிஷம் நின்றாள். 'போகாதே' என்று ஒரே ஒரு வார்த்தை வருமா என்றுதான் நின்றாள். எனக்குத் தெரிந்தது, குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். இந்தக் கல்லுளிமங்கன் மெழுகுத் துண்டைத் துடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் போன பிறகு நான் கத்தின கத்தலுக்கு அவன் சொன்ன பதில், "நடுவழியில ஜிப் பிரிஞ்சா துணியெல்லாம் கொட்டிடும்க்கா."

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் தன் அம்மா ஊருக்குப் போய்விட்டாள். ரயிலில் ஒரு ராத்திரி, ஒரு பகல் தூரம். அதன் பிறகு நான் அவனுக்குத் துணையாக இந்த வீட்டுக்கே வந்துவிட்டேன். குடும்ப கோர்ட்டில் கேஸ் நடந்து, குழந்தை அம்மாவிடம் இருக்கட்டும், அப்பா வாரத்தில் ஒரு நாள் கம்ப்யூட்டரில் பார்த்துப் பேசலாம் என்று உத்தரவு வந்தது. சனிக்கிழமை நாலிலிருந்து நாலரை வரைக்கும். முப்பது நிமிஷம். அவனுக்கு உலகத்தில் இருக்கிற சொத்து மொத்தமும் அந்த முப்பது நிமிஷம்தான்.

அதற்குக் கோர்ட்டே ஒரு இணையப் பக்கம் வைத்திருக்கிறது. அதில்தான் பேச வேண்டும். போனில் பேசக் கூடாது, வெளிக் கடையில் உட்கார்ந்து பேசக் கூடாது, வீட்டில் பதிவு செய்த கம்ப்யூட்டரில்தான் பேச வேண்டும், அதை மாற்றவேண்டுமென்றால் மனுப் போட்டு ஒரு மாசம் காத்திருக்க வேண்டும். கேமராவில் மூன்றாவது ஆள் தெரியக் கூடாது, குரலும் கேட்கக் கூடாது. குழந்தை எழுந்து போக விரும்பினால் கட்டாயப்படுத்தக் கூடாது. எப்போது ஆரம்பித்தது, எப்போது முடிந்தது, யார் பக்கம் அறுந்தது என்பதை அந்தப் பக்கமே குறித்துக்கொள்ளும். இதெல்லாம் அச்சடித்த ஒரு தாளில் வந்தது. என் தம்பி அதைக் கம்ப்யூட்டருக்கு எதிரே சுவரில் மாட்டினான். ஓரம் மடங்காமல் இருக்க, சுற்றிலும் ரெக்சின் பட்டை வைத்துத் தைத்து மாட்டினான். சொன்னேனே, அவனால் சும்மா இருக்க முடியாது.

முதல் நாலு மாசம் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமையில் எனக்கு மதிய ஷிப்ட் என்பதால் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும்போது அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். "என்னடா பேசினா?" என்றால், "பேசினாக்கா" என்பான். அதுவே அவனுக்குப் பெரிய சொற்பொழிவு.

ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தால் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறான். "நின்னு போச்சுக்கா" என்றான். பேசிக்கொண்டே இருக்கும்போது குழந்தையின் முகம் அப்படியே நின்றுவிட்டதாம். மவுஸ் அசையவில்லை, எந்தப் பட்டனை அழுத்தியும் பலன் இல்லை. கடைசியில் சுவிட்சை அழுத்தி அணைத்துப் போட்டு, அது எழுந்து வந்தபோது, கோர்ட்டுப் பக்கத்தில் எழுதியிருந்ததாம்: 'சந்திப்பு முடிந்தது. தந்தை தரப்பில் துண்டிப்பு.' திரும்ப உள்ளே போக முடியாது. அன்றைய கணக்கு அவ்வளவுதான்.

ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். அடுத்த சனிக்கிழமையும் நின்றது. அதற்கு அடுத்த வாரம் நான் ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். கதவோரம், கேமராவில் படாத இடத்தில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். குழந்தை பல் விழுந்த வாயைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். நாலு மணி பன்னிரண்டு. 'ர்ர்' என்று ஒரு சத்தம். திறந்த வாய் திறந்தபடி நின்றுவிட்டது. என் தம்பி திரையில் அந்த ஓட்டைப் பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குனிந்து சுவிட்சை அழுத்தினான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு வரவில்லை. கம்ப்யூட்டர் சரியில்லை என்று வாய்தவறிச் சொன்னால் போதும், ஊரில் இருக்கிற அத்தனை பேரும் நிபுணர்கள். மாடியில் குடியிருக்கிற பேங்க் கிளார்க் வந்து, இதுவரை பார்த்த பக்கங்களின் ஞாபகத்தையெல்லாம் அழித்துவிடுங்கள், பாரம் குறையும் என்றார். அழித்தோம். எங்கள் டெப்போ கம்ப்யூட்டர் பெண், பிரவுசரையே மாற்றுங்கள் என்றாள், வேண்டாத டூல்பார் பட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், பிடுங்கிப் போடுங்கள் என்றாள். மாற்றினோம், பிடுங்கினோம். வைரஸாக இருக்கும் என்று ஒருத்தர். ஒரு நாள் முழுக்க அது தன்னைத்தானே தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு வைரஸும் அகப்படவில்லை. மவுஸ் மாற்றினால் சரியாகும் என்று சொன்னவரும் உண்டு. அவரை நான் முறைத்த முறைப்பில் பிறகு எங்கள் தெருப் பக்கமே காணவில்லை. ஆனால் மவுஸையும் மாற்றினோம் என்பதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும்.

விசித்திரம் என்னவென்றால், அதில் கடை பில் அடித்தால் நாள் முழுக்க ஓடும். சீட் டிசைன் வரைந்தால் ஓடும். இணையத்துக்குள் போய்ப் படம், வீடியோ என்று திறந்தால் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம், அதற்குள் நின்றுவிடும். அதனால் கோளாறு இணையத்தில்தான் என்று எல்லோரும் ஏகமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

நாலாவது வாரமும் நின்ற பிறகு அவன் அதைப் பழுதுபார்க்கிற கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். நானும் போனேன். கடை நடத்துகிறவள் ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒரே நேரத்தில் நாலு மெஷினைப் பிரித்துப் போட்டிருப்பாள். எங்கள் கம்ப்யூட்டர் பெட்டியை மேஜையில் வைத்து, எடுத்த எடுப்பில் இரண்டு வீடியோவை ஓடவிட்டாள். நாங்கள் எதிரே உட்கார்ந்து, அது எப்போது நிற்கும் என்று வேண்டிக்கொண்டிருந்தோம். நின்றால்தானே நோய் தெரியும். ஒரு மணி நேரம் ஓடியது. இரண்டு மணி நேரம் ஓடியது. சனியன் அப்படி ஒரு நல்ல பிள்ளையாக ஓடியது.

"மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. உங்க வீட்டு லைன்ல கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். லைனை மாற்றினோம். புது ஒயர், புது மோடம். ஐந்தாவது சனிக்கிழமை நாலு மணி பதினொன்றுக்கே நின்றது.

திங்கட்கிழமை கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. ஐந்து வாரமாகத் தந்தை தரப்பில் துண்டிக்கப்படுகிறது, மெஷின் கோளாறு என்ற விளக்கம் இனி ஏற்கப்படாது, இன்னும் ஒரு முறை துண்டிக்கப்பட்டால் அடுத்த விசாரணை வரை சந்திப்பு நிறுத்திவைக்கப்படும். அடுத்த விசாரணை ஒன்பது மாசம் கழித்து. என் தம்பி கடிதத்தை இரண்டு தடவை படித்தான். மடித்து வைத்தான். கடைக்குப் போனான். அன்றைக்கு ஒரு வேன் சீட்டை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி தைத்துவைத்தான். இருபது வருஷத் தொழிலில் அப்படி ஒரு தப்பு அவன் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. ராத்திரிச் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனான். கத்துகிறவன் என்றால் அழுது தீர்ப்பான், இவன் எதில் கொண்டுபோய்த் தீர்ப்பானோ என்று பயமாக இருந்தது.

மனசு கேட்காமல் நானே அவன் பெண்டாட்டிக்குப் போன் போட்டேன்.

"நான் கோர்ட்டுக்கு எதுவும் எழுதிக் குடுக்கல அண்ணி. சத்தியமா" என்றாள். "அந்தக் கோர்ட்டுப் பக்கமே எழுதிக்குது. நான் என்ன பண்ண?"

"தெரியும்மா. பாப்பா எப்படி இருக்கா? அப்பா பாதியில போயிடறாரேன்னு அழறாளா?"

"முதல் ரெண்டு வாரம் அழுதா. அப்பா ஏன் பாதியில போயிடறார்னு கேட்டுட்டே இருந்தா. இப்பல்லாம் கேக்கறதையும் விட்டுட்டா அண்ணி."

அதை நான் தம்பியிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறாவது சனிக்கிழமை. ஒரு மணிக்கு டெப்போவிலிருந்து யூனிபாரப் புடவையைக்கூட மாற்றாமல் நேராக அந்தப் பழுதுக் கடைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். ஆனால் அங்கே போய் நின்றதும் சண்டை போடத் தோன்றவில்லை. "நாலு மணிக்கு அது நின்னா என் தம்பி ஒன்பது மாசம் பிள்ளையப் பாக்க முடியாது. கடையில ஓடுது, வீட்ல நிக்குது. நீங்க வீட்டுக்கு வந்து பாருங்க. வராம நான் போகமாட்டேன்" என்று சொல்லி, கடை வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, கையில் இருந்ததை அப்படியே போட்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, "எந்திரிங்க, போலாம்" என்றாள்.

நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போது மூன்று மணி. தம்பி மத்தியானத்திலிருந்து மெஷினை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை நின்றுவிட்டதாம். அந்த அம்மாள் திரையைப் பார்க்கவே இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்தாள்.

"இது என்னங்க?"

"கவர்" என்றான் தம்பி.

"கழட்டுங்க."

கழட்டுவது சாதாரண வேலை இல்லை. மெரூன் கலர் ரெக்சின், பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்தது, பின்பக்கம் நாடா போட்டு இறுக்கியிருந்தான், ஒயர் வருகிற இடத்துக்கு மட்டும் சின்னத் துளை. ஒவ்வொரு முடிச்சாக அவன் அவிழ்க்க, அவள் பொறுமையில்லாமல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். உறை கழன்றதும் பெட்டியின் மேல் கை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டாள். நானும் தொட்டுப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது.

"கடைக்குக் கொண்டுவந்தப்ப இது போட்டிருக்கலயே?"

"வழியில அழுக்காயிடும்னு கழட்டி வெச்சுட்டு வந்தேன்."

அவள் தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "பில் அடிக்கறப்ப இதுக்கு வேலை கம்மிங்க, சூடாகாது. ரெண்டு பக்கமும் முகம் தெரியற மாதிரி வீடியோ ஓடினா இதுக்கு முதுகு ஒடியற வேலை. உள்ள இருக்கற பேன்தான் சூட்டை வெளிய தள்ளணும். நீங்க எல்லா வழியும் அடைச்சுட்டீங்க. சூடு தாங்காம நின்னுடுது" என்றாள். உறையை எடுத்துத் திருப்பினாள். உள்பக்கம் முழுக்க விரற்கடை கனத்துக்குப் பஞ்சு வைத்து, கட்டம் கட்டமாகத் தைத்திருந்தான். "தூசிக்கு கவர் போட்டீங்க, சரி. உள்ள எதுக்குப் பஞ்சு?"

பழைய உறைக்குள் பஞ்சு வைத்தது எனக்கும் அப்போதுதான் தெரியும். எல்லாப் பொருளுக்கும் போடுகிற மாதிரி இதற்கும் போட்டான் என்றுதான் நினைத்திருந்தேன்.

"சத்தத்துக்கு" என்றான்.

"என்ன சத்தம்?"

தம்பி உறையை அவளிடமிருந்து வாங்கி மடித்தான். மடித்துக்கொண்டே சொன்னான். "பேன் ரொம்ப இரையும். இது நிக்க ஆரம்பிக்கறதுக்கு முந்தின வாரம் பாப்பா சொன்னா, உன் பக்கம் சத்தமா இருக்குப்பா, நீ பேசறது கேக்கலன்னு. நான் பேசறதே கொஞ்சம். அதுவும் கேக்கலன்னா எப்படின்னு..."

அந்த உறையாலேயே அவனை நாலு சாத்துச் சாத்த வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போல இருந்தது. இரண்டும் செய்யவில்லை, மணி மூன்றரை ஆகிவிட்டது. அந்த அம்மாள் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திருகி எடுத்தாள், உள்ளே அடைந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டினாள், டேபிள் பேனை அதற்கு நேரே திருப்பி வைத்தாள். பத்து நிமிஷத்தில் சூடு இறங்கியது. வீடியோவை ஓடவிட்டாள். உள்ளே இருந்த பேன் மாவு மெஷின் மாதிரி இரைந்தது. "எவ்வளவு சத்தம் வந்தாலும் மூடாதீங்க. அது மூச்சு விடட்டும்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாள். அவள் இருக்கிற திசையைப் பார்த்து நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

நாலு மணி. பக்கம் திறந்தது. குழந்தை உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். இரட்டைப் பின்னல், நெற்றியில் பேனா மை. பின்னால் ஒரு அலமாரி. நான் கதவோரம் ஸ்டூலில், கையில் டெப்போ கடிகாரத்தோடு.

"அப்பா, இந்த வாரம் எனக்கு ரெண்டாவது பல்லும் ஆடுது."

"ம். எங்க, காட்டு."

அவள் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் தன் அழிப்பானைக் கடித்துத் தின்றுவிட்ட கதையைச் சொன்னாள். ஒரு கப்பல் படம் வரைந்திருந்தாள், அதைத் தூக்கிக் காட்டினாள். அவன் முன்னால் சாய்ந்து, இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமே என்று, அவனால் முடிந்த குரலில் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றான். நாலு ஐந்து. நாலு எட்டு. நாலு பத்து ஆனதும் நான் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டேன். நாலு பதினொன்று. படம் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தை தலையைத் தூக்கி எங்கேயோ பார்த்தாள். அவர்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரமாக இருக்க வேண்டும்.

"பெரிய முள் ரெண்டைத் தாண்டிடுச்சு. நீ இப்ப நின்னுடுவ. சரிப்பா, நான் போறேன், டாட்டா."

கையை ஆட்டிவிட்டு நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கிப் போய்விட்டாள்.

"இல்ல... பாப்பா, இன்னும்..." என்றான் என் தம்பி. அந்தக் குரல் பெட்டியின் இரைச்சலையே தாண்டியிருக்காது. நாலு பன்னிரண்டு ஆனது. நாலு பதின்மூன்று ஆனது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. ஆறு வாரமாக எதற்கு உயிரைக் கொடுத்தோமோ அது கச்சிதமாக ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு காலி நாற்காலி, ஒரு கப்பல் படம், ஒரு அலமாரி.

'கூப்பிடு' என்று நான் ஸ்டூலில் இருந்தே சைகை காட்டினேன். கையை வீசி, வாயைத் திறந்து மூடி, என்னென்னவோ செய்தேன். அவன் என்னைப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த தாளைக் கையால் காட்டினான். குழந்தை எழுந்து போக விரும்பினால் கட்டாயப்படுத்தக் கூடாது. டேய், கூப்பிடுவது கட்டாயமாடா? எனக்கு வாய் வரைக்கும் வந்தது. என் குரல் கேட்கக் கூடாது, கேட்டால் அதுவும் குறிப்பில் ஏறும். புடவை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவனால் எழுந்து போகவும் முடியாது, அணைக்கவும் முடியாது. அணைத்தால் தந்தை தரப்பில் துண்டிப்பு. உட்கார்ந்தே இருந்தான். அசைந்தால் எதுவாவது கெட்டுவிடும் என்பது போல, கையை மேஜையின் மேல் வைத்தபடி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து அறையிலிருந்து அவளுடைய சத்தம் வந்துகொண்டிருந்தது. ஏதோ உருண்டது. குழாய் திறந்தது, மூடியது. அம்மாவிடம் என்னவோ கேட்டுச் சிரித்தாள். எல்லாவற்றையும் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நாலு பதினேழு, நாலு இருபது, நாலு இருபத்துநாலு. எத்தனையோ வண்டி தாமதமாக வந்து நான் காத்திருந்திருக்கிறேன். இப்படி ஒரு காத்திருப்பு என் வேலையில் நான் பார்த்ததில்லை.

நாலு இருபத்தெட்டுக்குக் குழந்தை ஓடிவந்தாள், மேஜையில் விட்டுப்போன பென்சில் டப்பாவை எடுக்க. எடுத்துக்கொண்டு திரும்பியவள் நின்றாள். திரையைப் பார்த்தாள். கிட்டே வந்தாள். முகம் திரை முழுக்க நிறைந்தது.

"இன்னிக்குக் கண்ணைத் தொறந்துட்டு நின்னுட்டியா?" என்றாள், தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி. "போன வாரம் வாயைத் தொறந்துட்டு நின்ன. சிரிப்பா இருந்துச்சு." விரலை நீட்டித் தன் பக்கத்துத் திரையில் எதையோ தொட்டாள். அவன் மூக்காக இருக்கும்.

"நான் நிக்கலடா" என்றான்.

அவள் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள். "நீ இருக்கியா?"

"ம்."

"எப்போலேருந்து?"

"அப்போலேருந்து. நீ போனதுலேருந்து இங்கயேதான் இருக்கேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்ப அவனைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. புரியாத ஒன்றைக் கேட்கிற முகம்.

"அப்புறம் ஏம்ப்பா கூப்பிடல? நான் பக்கத்து ரூம்லதான இருந்தேன்."

என் தம்பி வாயைத் திறந்தான். சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். அவள் பென்சில் டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். என் கையில் கடிகார முள் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லுடா, சொல்லுடா என்று எனக்குள் அலறிக்கொண்டிருந்தேன். நாலரை ஆனது. கோர்ட்டுப் பக்கம் தானாக மூடிக்கொண்டது. பச்சை எழுத்தில் வந்தது: 'சந்திப்பு முழுமையாக நிறைவுற்றது. துண்டிப்பு ஏதும் இல்லை.'

அப்போதுதான் அவன் கூப்பிட்டான். "பாப்பா!" என்று. மாடியில் இருந்த பேங்க் கிளார்க் என்னவோ ஏதோ என்று படியிறங்கி ஓடிவருகிற அளவுக்குக் கூப்பிட்டான்.